தார்ப்பாய்க்குக் கீழே

புயல் கோயில் கூரையைத் தூக்கிக்கொண்டு போன மூன்றாம் நாள், கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதால் சபை முழுக்க வந்திருந்தது. ஆராதனை நடுவில் மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் ஒரே பெரிய தார்ப்பாயை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு பாடினார்கள். பாட்டுப் புத்தகம் பிடிக்க ஒருவருக்கும் கை மிச்சமில்லை. கையைத் தூக்கித் துதிப்பதெல்லாம் வெறும் கூத்து என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிவந்த ஞானதிரவியமும் தாங்கினார். கடைசிச் சரணத்தில் காற்று தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் போயிற்று. மழை முகத்தில் அறைந்தது.

"அதான் பறந்து போயிட்டுல்லா, கைய எறக்குங்க" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"நீ பாட்ட விடாத" என்றார் ஞானதிரவியம். கைகள் இன்னும் ஒரு சாண் மேலே போயின.