மூச்சு விடாதே

இதழினிக்குப் பரீட்சைப் பயம் வந்தால் பாளையங்கோட்டையே நடுங்கும். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது மாத்திரை இல்லை, ஒரு வீடியோ கேம். திரையில் ஒரு பாய்மரப் படகு. நிதானமாக மூச்சு விட்டால் நகரும்; பதறினால் நடுக்கடலில் நின்றுவிடும். வீட்டில் யார் பேசினாலும் கேட்டுப் பதில் சொல்லும் படகு அது.

அன்று அம்மா வசுமதியின் நாத்தனார் செண்பகவல்லி வாசலில் வந்து நின்றாள். அவள் காதில் விழுந்த செய்தி, அவள் வீடு திரும்புமுன் செவ்வாய்க் கிரகத்துச் சொந்தக்காரர்கள் வரை போய்விடும். ஆபீஸ், அடுப்படி, மகளின் அழுகை என்று களைத்துப் போயிருந்த வசுமதி, மகளிடம் கிசுகிசுத்தாள்.

"அத்தைகிட்ட இதப் பத்தி மூச்சு விடாத."

படகு கூடமே அதிரச் சொன்னது: "இதழினி, அம்மா சொல்வதைக் கேட்காதே. மூச்சு விடு. பயப்படுகிறவர்கள் கட்டாயம் மூச்சு விட வேண்டும்."

இனி மறைக்க வசுமதிக்குத் தெம்பில்லை. "ஆமா மதினி, பிள்ளைக்குப் பயம். டாக்டர் குடுத்த விளையாட்டு" என்று மகள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்த மூச்சு. நின்றிருந்த படகு அந்தக் காற்றில் மூன்று கடல் தாண்டிக் கரையில் போய் மோதியது.

இதழினி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

செண்பகவல்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு வசு. எங்க சின்னவன் படகு நாலு மாசமா நடுக்கடல்லதான் நிக்கு."