சிவப்பு வேண்டாம்

ஆஸ்பத்திரிச் சலவைக் கிடங்கின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, படுக்கைவிரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்து சூப்பர்வைசர் செல்போனில் தட்டினார். ‘நத்தை வந்திருக்கேன். இருக்கீங்களா?’

வெளியே துணி மடிக்கும் பெண்கள் சிரிப்பது கேட்டது. “நம்ம சாருக்கு இந்த வயசுல யாரோ மாட்டியிருக்காங்கடி” என்றாள் ஒருத்தி. அவர் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். உண்மை வெளியே தெரிவதற்கு அந்தப் பேச்சு எவ்வளவோ தேவலை.

உண்மை இதுதான். நிர்வாகம் இலவச ரிப்போர்ட் மென்பொருள் ஒன்றை இறக்கியபோது, “இது யாருக்காவது தெரியுமா?” என்று சலவைப் பிரிவு மேடம் கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள, இவர் மட்டும் பெரிய இவர் மாதிரி கையைத் தூக்கிவிட்டார். அந்தக் கையை நம்பித்தான் சூப்பர்வைசர் பதவியே வந்தது. மனைவி அதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டாள்.

மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்பவன் பொசுங்கிப் போவான். மேடத்துக்குத் தெரியாமல் பிரிவே அவருக்கு வைத்திருந்த பெயர் இஸ்திரிப்பெட்டி. தப்பான காகிதம் எதுவும் அவர் மேஜையைத் தாண்டாது. கத்திரிப்பூ நிற மையில் ஒரு கோடும், உடம்பைச் சுடும் ஒரு பார்வையுமாகத் திரும்பி வரும்.

இலவச மென்பொருளுக்குச் சந்தேகம் கேட்கக் கம்பெனி ஆள் கிடையாது. பயன்படுத்துகிறவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் இணையப் பக்கம்தான் ஒரே கதி. சொந்தப் பெயரைப் போட வெட்கப்பட்டு அங்கே இவர் ‘நத்தை’ ஆனார். இடம் தெரிந்தால் மானம் போகும் என்று, தான் பள்ளி நூலகத்தில் இருப்பதாகவும் புளுகி வைத்தார். அங்கே அனுப்பிக் காட்டும் ரிப்போர்ட்டில் வார்டுகள் வகுப்புகளாயின. விரிப்புகள் புத்தகங்களாயின.

அந்தப் புளுகையும் நம்பி, ‘கடைசி பெஞ்சு’ என்ற பெயரில் ஒரு புண்ணியவான் பொறுமையாகப் பாடம் நடத்தினார்.

‘அண்ணே, வரைபடத்துல எல்லாப் பட்டையும் ஒரே உயரமா நிக்குது. எந்த வகுப்பு புத்தகத்தை லேட்டாத் திருப்புதுன்னே தெரியல. நாளைக்குப் பெரியவங்க முன்னாடி காட்டணும்.’

‘தாமத நாளையெல்லாம் அது எழுத்துன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. எழுத்தை எப்படிக் கூட்டும், பாவம்? எண்ணுன்னு மாத்துங்க.’

மடியில் இருந்த கம்ப்யூட்டரில் மாற்றினார். பட்டைகள் ஏறி இறங்கி நின்றன. சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது.

‘இதை உங்க மேலதிகாரிகிட்டயே கேட்டிருக்கலாமே?’ என்று வந்தது அடுத்த வரி.

‘அந்தம்மாகிட்டயா? இஸ்திரிப்பெட்டின்னுதான் நாங்க பேரே வெச்சிருக்கோம். எந்நேரமும் கொதி. உள்ளே மனசுன்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகம்.’

‘பாவம் நீங்க. எங்க ஆபீஸ்ல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதே இல்ல. கேட்டா சந்தோஷமாச் சொல்லிக் குடுப்பேன். சரி, பட்டைக்குச் சிவப்பு வேண்டாம். சிவப்பைப் பார்த்தா ஆளுங்க மிரண்டுடுவாங்க. கத்திரிப்பூ கலர் போடுங்க.’

இப்படிப்பட்ட மனிதரிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று சூப்பர்வைசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்ன கலரையே போட்டார்.

மறுநாள் கூட்டத்தில் திரை ஒளிர்ந்தது. எலும்பு வார்டின் கத்திரிப்பூ கலர் பட்டை எல்லாவற்றையும் விட உயரமாக நின்றது. பெரிய டாக்டர் தலையாட்டினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“எல்லாம் சரி. மேல ஏன் ‘வகுப்புகள்’னு போட்டிருக்கு? நாம என்ன பள்ளிக்கூடமா நடத்தறோம்?”

அறையே சிரித்தது. பெயர்களையெல்லாம் வார்டுகளாகத் திருப்பி மாற்றியவர், தலைப்பை மறந்து தொலைத்திருந்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பேனாவை மெல்ல மூடினார்.

எல்லோரும் எழுந்து போனபின் மேடம் கதவைச் சாத்தினார். வந்தது வினை என்று சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“விரிப்பை இவ்வளவு லேட்டாத் திருப்பிக் குடுக்கற வார்டுக்குச் சிவப்புதானே போடணும்? ஏன் போடல?”

“சிவப்பைப் பார்த்தா... ஆளுங்க மிரண்டுடுவாங்க மேடம்.”

கத்துவார் என்று காத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால், திட்டு வாங்கியவர் போல மேடம்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“அப்ப அந்த இஸ்திரிப்பெட்டி நான்தானா, நத்தை?”