பீரோவுக்குப் போகாத உரை

மேலாளரின் பிரிவு உபசார விழாவுக்கு அரைமணி இருக்கும்போது கரண்ட் போனது. அவர் தன்னைத் தானே புகழ்ந்து கணினியில் எழுதிய உரையும் போனது.

"சேவ் பண்ணலையா சார்?" என்றாள் கணினி பழுதுபார்ப்பவள்.

"முப்பது வருஷ அனுபவம்மா எனக்கு!"

"மெமரி மேஜை மாதிரி சார், கரண்ட் போனா காலி. ஹார்ட் டிஸ்க்தான் பீரோ. உங்க உரை பீரோவுக்கே போகலை."

சந்தேகம் தீர டிஸ்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அதற்குள் கரண்ட் வந்தது. டிஸ்க் இல்லாத கணினியின் திரையில் உரை முழுசாக வந்து நின்றது. காலையில் மனசு உறுத்தி எழுதி, உடனே அவர் அழித்த வரியும் கூடவே இருந்தது: "இத்தனையும் செய்தது என் உதவியாளர்."

"அதை மட்டும் எடுத்துடும்மா," என்றார், குரல் இறங்கி.

எடுத்தாள். கையிலிருந்த டிஸ்க் லேசாக அதிர்ந்தது. காதில் வைத்துப் பார்த்தாள். வயரே இல்லாமல் உள்ளே ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. நிமிர்ந்தால், அந்த வரி மறுபடி திரையில்.