முகுளத்தாருக்குப் பிடிக்காத குரல்

குளத்தில் கிடந்த ஓர் எருமையின் தலைக்குள், மூளையின் அடிப்பகுதியில், மூச்சுக்கு அதிகாரியாக முகுளத்தார் உட்கார்ந்திருந்தார். உடம்பு உழைக்க உழைக்கச் சேரும் கரியமில வாயுவைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

"சார், உள்ளே நெரிசல் சார்! மூச்சு விடச் சொல்லுங்க, சீக்கிரம்!" என்று அது பஸ் கண்டக்டர் மாதிரி கத்தும்.

ஆக்ஸிஜனோ கல்யாண வீட்டு விருந்தாளி. "எனக்கென்னங்க, ஒரு குறையும் இல்லை" என்று சிரிக்கும்.

அன்று எருமைக்கும் தவளைக்கும் முங்குநீச்சல் போட்டி. "முதல்ல அந்தக் கத்தல்காரனை வெளியே தள்ளு!" என்றார் முகுளத்தார். எருமை புஸ்ஸு புஸ்ஸென்று ஊதித் தள்ளிவிட்டு முங்கியது.

தலைக்குள் அப்படி ஓர் அமைதி! "ஆபீஸ்னா இப்படி இருக்கணும்" என்று முகுளத்தார் சாய்ந்தார். ஆக்ஸிஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. எருமைக்குக் கண் இருட்டியது. அவருக்கோ சுகமாகத் தூக்கம் சொக்கியது.

அப்போது, புதிதாகச் சேர்ந்த துளிக் கரியமிலம் முண்டியடித்து வந்தது. "யோவ் சார், எழுந்திரும்யா! ஆக்ஸிஜன் தீரப்போகுது!"

முகுளத்தார் அலறி எழுந்து உத்தரவு போட்டார். எருமை தலையைத் தூக்கிக் குளமே அதிர மூச்சு வாங்கியது. "தோத்துட்டியே!" என்று தவளை குதித்தது.

"குறையும்போது சொல்லக் கூடாதாய்யா?" என்று ஆக்ஸிஜனைக் கேட்டார் முகுளத்தார்.

"நீங்க நிம்மதியா இருந்தீங்களே, அதான் சங்கடமா இருந்துச்சுங்க."

முகுளத்தார் கரியமிலத்தைத் தன் காதோரம் உட்காரவைத்தார். "ரொம்பக் கத்தாதே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி சரி, கத்து" என்றார்.