கலங்கிய குடுவை

கார்காலம் தாழ இறங்கி, பகலையும் மாலையாக்கி, ஊரைப் பேச்சற்ற ஈரத்தில் ஆழ்த்தியிருந்தது. ஆய்வகத்தில் பேராசிரியை அரங்கநாயகி நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிர்ந்தார். நாணத்தால் முகம் கன்றியிருந்தது. நான்கு நாள்களுக்கு முன், தெளிந்த இரண்டு பாலிமர்க் கரைசல்களை ஆய்வு மாணவி தெய்வானை கலந்தபோது நீர் பால்போலக் கலங்கிற்று. "குடுவை கழுவக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசி, அதைக் கொட்டவைத்து, குடுவையை மும்முறை கழுவவைத்தவர் அவர். இன்று தம் கையாலேயே கழுவிக் கலந்தார். மறுபடியும் கலங்கிற்று. நுண்ணோக்கியின் அடியில் அந்தக் கலங்கல் எண்ணற்ற திரவத் துளிகளாய் மிதந்தது. சுவரென்று ஒன்று இல்லாமலே, உயிரணுவின் அறைகளைப்போல, ஒவ்வொரு துளியும் அவர் நீரில் விட்டிருந்த சாயத்தைத் தன்னுள் ஈர்த்து வைத்திருந்தது. இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டதும் ஒன்றாகிவிட்டன.

ஆய்வு வழிகாட்டியை மாற்றக் கோரும் கடிதத்தோடு தெய்வானை வந்து நின்றாள்.

"அது அழுக்கில்லம்மா. நீதான் முதல்ல கண்டுபிடிச்சிருக்க."

"நான் எங்க மேடம் கண்டுபிடிச்சேன்? பாக்கறதுக்குள்ள கொட்டச் சொல்லிட்டீங்களே!"

"எல்லாரையும் கூப்பிடு. அவங்க முன்னாடியே சொல்றேன், தப்பு என்னோடது."

தெய்வானை யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து நுண்ணோக்கியில் கண் வைத்தாள். நெடுநேரம் நிமிரவே இல்லை. கடிதம் இன்னும் அவள் கையில் இருந்தது. அவளுக்குப் பின்னால் அரங்கநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு, இறைவன் திருப்பெயரை முணுமுணுத்து, அவளை நோக்கி இரு கையும் குவித்தார்.

"நல்லா இருங்க மேடம்" என்றாள் அதைக் கேட்ட தெய்வானை, கோபம் தணிந்த குரலில், கண்ணை எடுக்காமலே.