பெரிய வியாழனில் றோசம்மா மாமி

றோசம்மா மாமி காலுறையைக் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகிவிட்டு, என் முன்னால் இருந்த கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

பெண்கள் அறையில் பேச்சு நின்றுபோனது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன். பத்துப் பிளாஸ்டிக் தொட்டிகள், இளஞ்சூட்டுத் தண்ணீர், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரக் கிழவிகள் இருபது பேர். அத்தனை பேரும் மாமியின் வெறுங்காலைப் பார்த்தார்கள்.

எங்களுடையது மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபை. இயேசுவின் நினைவாக அப்பம் எடுக்கும் இராப்போசனத்துக்கு முன்னால் ஒருவர் காலை மற்றவர் கழுவ வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அது தீரும்வரை கழுவவும் கூடாது, அப்பம் எடுக்கவும் கூடாது.

மாமி அப்பம் எடுத்துப் பதினான்கு வருடம். மனத்தாங்கல் என் அப்பாவோடு. அப்பா மாமியின் கூடப்பிறந்த அண்ணன்.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று கிழமைதான் ஆகிறது.

நான் முழங்காலில் நின்று அவர் காலைத் தண்ணீருக்குள் வைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும். ட்ராமில், குளியலறையில், வேலையிடத்து லிஃப்டில் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லாவிட்டால் எனக்கு விடிவே இல்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கும் மாமிக்கும் தம்பியான ஜெசிந்தன் சித்தப்பாவை ஜெர்மனியிலிருந்து இலங்கைக்குத் திருப்பி அனுப்பக் கடிதம் வந்திருந்தது. அவர் எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தார். ஒருநாள் காலை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன். இரண்டு பொலிஸ்காரர்கள், சித்தப்பா எங்கே என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் பொய் இல்லை. அப்பா நீதிமன்றத்தில் சத்தியம் செய்யக்கூட மறுத்தவர்; தன் சொல்லே போதும் என்றவர். பஸ்ஸில் டிக்கற் எடுக்க மறந்துவிட்டு, மறுநாள் அலுவலகம் தேடிப்போய்ச் சொன்னவர்.

கீழே, உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால், என்று நல்ல ஜெர்மனில் சொன்னேன். அதில் ஒருவர் எனக்கு நன்றி சொன்னார்.

சித்தப்பா கொழும்பில் விமானத்தால் இறங்கினார் என்பதுவரைக்கும் தெரியும். பிறகு ஒன்றும் தெரியாது.

மாமிக்கு எல்லாம் சொல்லியாயிற்று, நீ அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார் அப்பா. திறக்கவில்லை. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்காகத்தான் மாமி அப்பாவை வெறுக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மாமி பட்டர் கேக் அடித்துக்கொண்டு வருவார். என்ன பெரிய மனசு என்று நான் ஆச்சரியப்படுவேன்.

மாமி குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார்.

"ஜெசிந்தனைப் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தது தான்தான் எண்டு அண்ணை அண்டைக்கே வந்து என்னட்டச் சொன்னவர், பிள்ளை. இண்டைக்கு நான் அவரை மன்னிச்சிட்டன்."

பதினான்கு வருடமாக அப்பா இதே சபையில், தங்கச்சி முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அப்படியே செத்தும் போனார்.

சொன்னேன். கதவைத் திறந்தது நான், கேட்டது என்னிடம், மெசினுக்குப் பின்னால் என்று காட்டியது நான், அப்பா அப்போது குளியலறையில் இருந்தார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மாமி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். என் தோளில் கிடந்த துவாயை இழுத்து, தன் காலைத் தானே துடைத்துக்கொண்டார். எங்கள் சபையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"செத்த ஆளைக் காப்பாத்தப் பொய் சொல்லாத, பிள்ளை. அண்ணை ஒருநாளும் பொய் சொல்லாத மனுசன்."