முன்வரிசை ரசிகை

"முடிவாக ஒன்று சொல்கிறேன்" என்று பேராசிரியர் அருள்குமார் ஆரம்பித்ததும், முன்வரிசையில் இருந்த பிரதீபாவின் முகம் வாடிப்போனது.

அவர் பேச்சை முடிக்கிறாரே என்று இதுவரை யாரும் வருத்தப்பட்டதில்லை. அருள்குமார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார். முடிவை ஒத்திவைத்து இன்னும் அரைமணி நேரம் பேசினார்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாண மண்டபத்தில், பருவநிலை மாற்றம் குறித்த கருத்தரங்கு. வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே, பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்தவர்கள் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்க வந்தவர்களில் பலர் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். பிரதீபா மட்டும் நேற்றும் இன்றும் கைக்குழந்தையோடு காலையிலேயே வந்து, நாற்காலிகளை அடுக்கும்வரை இருந்தாள். மத்தியானம் கரண்ட் போய் மைக் நின்றபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். கரண்ட் வந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு இருக்கற அக்கறை சர்க்காருக்கு இல்லியே" என்று அருள்குமார் பக்கத்து நாற்காலிக்காரரிடம் உருகினார்.

வெயிலைக் குறைக்க இதுபோன்ற விவாதங்கள் தொடர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அருள்குமார் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, நேராக பிரதீபாவிடம் வந்தார்.

"ரெண்டு நாளா அசையாமக் கேட்டீங்க அம்மணி. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க சார், நாளைக்கும் பேசுவீங்களா?"

மேடையில் கைத்தட்டல் எழுந்தது. போட்டோக்காரர் ஓடிவந்தார்.

"இதுக்குப் பேருதான் விழிப்புணர்வு" என்று அருள்குமார் மேடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். "நாளைக்கு எதைப் பத்திப் பேசோணும், சொல்லுங்க."

"எதைப் பேசுனாலும் சரிங்க. எங்க ஊடு தகரக் கூரை. போன வாரம் சூடு தாங்காம இவனுக்கு வலிப்பு வந்துருச்சுங்க. குளிர்ச்சியான எடத்துல வெச்சுக்கோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அருள்குமாரின் மைக் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கியது. தூங்குகிற குழந்தை விழித்துவிடாதபடி பிரதீபா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க பேசறப்பத்தானுங்க ஏசி போடறாங்க."